தண்ணீரைப் பார்க்காத இயந்திரம்

துணியைப் போட்டு, பவுடரைக் கொட்டி, பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கொஞ்ச நேரத்தில் வாஷிங் மெஷின் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பிக்கிறது. திரையில் ஏதோ ஒரு குறியீடு. எல்ஜி என்றால் ‘ஐ.ஈ.’, சாம்சங் என்றால் ‘4ஈ’ அல்லது ‘4சி’, பாஷ் என்றால் ‘ஈ17’. கையேட்டைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான் போட்டிருக்கும்: தண்ணீர் வரவில்லை. பக்கத்துக் குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நன்றாகவே வருகிறது. பிறகு ஏன் கத்துகிறது?

இயந்திரத்துக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரியாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குழாயில் தண்ணீர் இருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, வால்வு திறந்ததா என்பதை நேரடியாகக் கண்டறிய எந்தக் கருவியும் சாதாரண வீட்டு மாடல்களில் இல்லை. அதனிடம் இருப்பவை இரண்டுதான். ஒன்று, கடிகாரம். இன்னொன்று, தொட்டியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதைச் சுற்றுவழியில் சொல்லும் ஓர் உணரி. வால்வுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்கிறது. அதற்குள் மட்டம் உயரவில்லையென்றால் கத்துகிறது. மட்டம் உயராததற்கு ஏழெட்டுக் காரணங்கள் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அதனிடம் இருப்பது ஒரே குறியீடு. காரணத்தைப் பிரித்தெடுப்பது நம் வேலை. பெரும்பாலான சமயங்களில் அதற்கு ஒரு வாளியும் கொறடும் நல்ல காதும் போதும்.

முதலில் அந்த உணரியைப் பார்த்துவிடலாம். தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய காற்றறை இருக்கிறது. அதிலிருந்து பென்சில் பருமன்கூட இல்லாத ரப்பர்க் குழாய் ஒன்று மேலேறி, இயந்திரத்தின் தலைப்பகுதியில் இருக்கும் பிரஷர் சுவிட்சில் முடிகிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, காற்றறைக்குள் அகப்பட்டுக்கொண்ட காற்று வெளியேற வழியில்லாமல் நெருக்கப்படுகிறது. அடைபட்ட காற்றின் பருமன் குறைந்தால் அழுத்தம் அதே விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதிதான் இங்கே வேலை செய்கிறது. பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 1 கிலோபாஸ்கல். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தமே 101 கிலோபாஸ்கல். அதாவது, ஒரு சதவீத மாற்றத்தை வைத்துக்கொண்டு பத்து சென்டிமீட்டரை இயந்திரம் அளந்துவிடுகிறது. பழைய மாடல்களில் இந்த அழுத்தம் ஒரு ரப்பர்த் தகட்டைத் தள்ள, அது மின் தொடர்பை ‘டக்’கென்று மாற்றும். புதியவற்றில் அதே தகடு ஒரு சுருளுக்குள் காந்தத் துண்டை நகர்த்துகிறது. சுருளோடு இணைந்த சுற்றின் அலைவெண் மாறுகிறது. உள்ளே இருக்கும் சிப் அந்த அலைவெண்ணை எண்ணி மட்டத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. தண்ணீர் இந்த உணரியைத் தொடுவதே இல்லை என்பது இந்த வடிவமைப்பின் பெரிய புத்திசாலித்தனம். சோப்பு நுரையோ உப்புப் படிவோ அதன் மீது ஏற வழியில்லை.

இனி, மொட்டை மாடியிலிருந்து தொட்டிவரை தண்ணீர் வரும் வழியில் நடந்துபோவோம்.

நம் ஊர் வீடுகளில் பிரச்சினை பெரும்பாலும் அந்த மாடியிலேயே ஆரம்பிக்கிறது. கீழ்வீட்டில் எந்தத் தொல்லையும் தராத அதே மாடல், மேல்மாடி வீட்டில் வாரம் ஒருமுறை கத்தும். மெக்கானிக் வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, “ஃபோர்ஸ் இல்லைம்மா” என்பார். “டேங்க் நிறையத்தான் இருக்கு தம்பி, இப்பத்தான் மோட்டார் போட்டேன்” என்பார் வீட்டுக்கார அம்மா. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கும் குழாயில் எவ்வளவு அழுத்தம் கிடைக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமே. பாத்திரம் அகலமா குறுகலா, ஆயிரம் லிட்டரா ஐயாயிரம் லிட்டரா என்பது கணக்கிலேயே வராது. நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் 1586இல் எழுதிய நூலிலேயே இதைக் காட்டிவிட்டார். ஆனாலும் ஃபோர்ஸ் வேண்டும் என்று பெரிய டேங்க் வாங்கி வைப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறோம். அந்தப் பணத்தில் பாதியைச் செலவழித்து, இருக்கிற டேங்கையே நாலடி உயரமான மேடையில் ஏற்றியிருந்தால் பலன் கிடைத்திருக்கும்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் 10 கிலோபாஸ்கல், அதாவது 0.01 மெகாபாஸ்கல். இயந்திரத்தின் கையேட்டில் அதற்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும். மாடலைப் பொறுத்து 0.03, 0.05, சில முன்கதவு இயந்திரங்களில் 0.1 மெகாபாஸ்கல். முறையே 3 மீட்டர், 5 மீட்டர், 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தலைக்கு மேல் நிற்க வேண்டும் என்று பொருள். இப்போது மேல்மாடி வீட்டைப் பாருங்கள். தரையிலிருந்து கூரை பத்தடி, அதாவது 3 மீட்டர். இயந்திரத்தின் பின்புறம் தண்ணீர் நுழையும் இடம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. டேங்க் கூரைத்தளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தால், கிடைக்கும் உயரம் இரண்டு மீட்டர் சொச்சம், கூடவே டேங்கில் நிற்கும் நீர்மட்டம். டேங்க் நிறைந்திருக்கும் காலையில் 3 மீட்டரைத் தொட்டுவிடும். சாயங்காலம் மட்டம் அடியில் கிடக்கும்போது தொடாது. “காலையில் போட்டால் ஓடுகிறது, சாயங்காலம் போட்டால் கத்துகிறது” என்ற புகாருக்கு வேறு எந்த விளக்கமும் தேட வேண்டியதில்லை. இதெல்லாம் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உள்ள அழுத்தம். ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு எல்போவும் ஒவ்வொரு அடி அரை அங்குலக் குழாயும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஆகவே வாளியோடுதான் முதல் சோதனை. குழாயை மூடி, ஹோஸை இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து கழற்றி, அதன் முனையை அது மாட்டியிருந்த அதே உயரத்தில் பிடித்து, ஒரு நிமிடம் வாளியில் விட்டு அளந்து பாருங்கள். கீழே தாழ்த்திப் பிடித்தால் தப்பான விடை கிடைக்கும். இல்லாத ஒரு மீட்டரை நாமே சேர்த்துக் கொடுத்துவிடுவோம். நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் வந்தால் குழாய்ப் பக்கம் குறையில்லை. இரண்டு லிட்டர்தான் வருகிறது, இயந்திரமோ மேல்கதவு மாடல், ஒரு நிரப்புக்கு அறுபது லிட்டர் கேட்கிறது என்றால், அரை மணி நேரம் ஆகும். இயந்திரம் அவ்வளவு பொறுக்காது.

குழாயில் திடீரென்று வரத்து குறைந்ததா, எப்போதுமே குறைவுதானா என்று நினைவுபடுத்திப் பார்ப்பது பயன் தரும். டேங்க் ஒருநாள் முழுக்கக் காலியாகி, பிறகு நிரப்பியதிலிருந்து வரத்து குறைவு என்றால், குழாயில் ஏர் லாக். மேடு பள்ளமாகப் போகும் குழாயின் மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டு, குறைந்த அழுத்தத் தண்ணீருக்கு வழிவிடாமல் மறிக்கும். அதே லைனில் இருக்கும் எல்லாக் குழாய்களையும் சற்று நேரம் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். பழைய வீடுகளில் மாடியிலிருக்கும் கேட் வால்வையும் சந்தேகப்பட வேண்டும். உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் தொங்கும். மேலே பிடியைத் திருகினால் திருகும். உள்ளே ஒன்றும் அசையாது.

அடுத்தது ஹோஸ். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது மடங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஹோஸைக் கழற்றியதும் இயந்திரத்தின் நுழைவாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சல்லடை போன்ற சிறிய பிளாஸ்டிக் வடிகட்டி தெரியும். நடுவில் பிடித்து இழுப்பதற்கென்றே ஒரு காது வைத்திருப்பார்கள். கொறடால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். போர் தண்ணீர் வீடுகளில் இதைக் கையில் எடுத்துப் பார்க்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இரும்புச் சத்துள்ள தண்ணீர் என்றால் கண்ணறைகளில் செங்காவி நிறக் குழம்பு அப்பியிருக்கும். லாரித் தண்ணீர் என்றால் பொடி மணல். உப்புத் தண்ணீர் என்றால் ஒவ்வொரு கண்ணியைச் சுற்றியும் வெள்ளை ஓடு கட்டி, கண்ணறையே ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். அந்த ஓடு கால்சியம் கார்பனேட். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600வரை அனுமதிக்கிறது. பல ஆழ்துளைக் கிணறுகள் அந்த 600ஐயும் தாண்டியவை. மணலும் காவியும் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே போய்விடும். வெள்ளை ஓட்டைத் தேய்த்துப் பயனில்லை. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்தால் அமிலம் பட்டு நுரைத்துக் கரையும். ஹோஸின் குழாய்ப் பக்க முனையிலும் சிலவற்றில் இன்னொரு வலை இருக்கும். அதை மறந்துவிடுவோர் அதிகம்.

வடிகட்டி அடைத்துக்கொள்கிறதே என்று அதை எடுத்து எறிந்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை ஏன் செய்யவே கூடாது என்பதற்கு அதற்குப் பின்னால் இருக்கும் வால்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழு இயந்திரத்திலும் என்னை மிகவும் வியக்கவைக்கும் பாகம் அதுதான்.

தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கும் வால்வின் வாய் ஒரு சென்டிமீட்டர் விட்டம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் அந்த வாயை அழுத்தும் விசை சுமார் 800 கிராம் எடைக்குச் சமம். அதை நேரடியாகத் தூக்க வேண்டுமென்றால் கனமான மின்காந்தம் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பதோ விரல்கணு அளவுச் சுருள்தான். அது எப்படித் திறக்கிறது? அது திறப்பதே இல்லை. தண்ணீரைக் கொண்டே திறக்கவைக்கிறது.

வாயை மூடியிருப்பது வட்டமான ஒரு ரப்பர் டயாஃப்ரம். அதன் ஓரத்தில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு நுண்துளை. உள்ளே வரும் தண்ணீர் அந்தத் துளை வழியாகக் கசிந்து டயாஃப்ரத்தின் மேற்புற அறையையும் நிரப்புகிறது. இப்போது மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், ஒரே அழுத்தம். ஆனால் கீழ்ப்புறத்தில் நடுவட்டம் மட்டும் வெறும் வெளிப்பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், தண்ணீர் தள்ளும் பரப்பு அங்கே குறைவு. மேலே முழுப் பரப்பு. ஆகவே தண்ணீரே டயாஃப்ரத்தைக் கீழே அழுத்தி மூடிவைக்கிறது. அழுத்தம் கூடக் கூட இன்னும் இறுக்கமாக மூடும். டயாஃப்ரத்தின் நடுவில் இன்னொரு துளை. இது ஓரத் துளையைவிடச் சற்றுப் பெரியது. அதன் மீது ஸ்பிரிங்கோடு கூடிய ஓர் இரும்புக் குச்சி உட்கார்ந்து அடைத்திருக்கிறது. சுருளுக்கு மின்சாரம் வந்ததும் அந்தக் குச்சியை மட்டும் தூக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் துளை என்றால், அதே பத்து மீட்டர் அழுத்தத்தில் தேவைப்படும் விசை ஸ்பிரிங்கைத் தவிர்த்து 8 கிராம் எடைதான். நூறில் ஒரு பங்கு. மேலறைத் தண்ணீர் நடுத்துளை வழியாக வேகமாக வடிகிறது. ஓரத் துளையால் அதே வேகத்தில் ஈடுகட்ட முடியவில்லை. மேலறை அழுத்தம் சரிய, கீழே இருக்கும் தண்ணீர் டயாஃப்ரத்தைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. மின்சாரம் நின்றதும் குச்சி இறங்கி நடுத்துளையை அடைக்கும், மேலறை மறுபடி நிரம்பும், வால்வு தானாக மூடும்.

இது தெரிந்துவிட்டால் கோளாறுகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். ஓரத் துளையில் ஒரு மணல் துகள் அடைத்தால் மேலறை நிரம்பாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் வால்வு மூடாது. அதே துகள் நடுத்துளையின் விளிம்பில் உட்கார்ந்தால் குச்சி சரியாகப் பொருந்தாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நடுத்துளையே அடைபட்டால் திறக்காது. வடிகட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் அடுத்து வாங்குவது புது வால்வு. இன்னொன்றும் விளங்கும். கையேடு குறைந்தபட்ச அழுத்தம் கேட்பது வேகமாக நிரப்புவதற்காக மட்டும் இல்லை. வால்வை மூடவைப்பதே அந்த அழுத்தம்தான். மேல்மாடி வீட்டில் இயந்திரம் சும்மா நிற்கும்போதும் தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்கிறதென்றால், வால்வு பழுது என்று முடிவு கட்டுவதற்குமுன் டேங்கின் உயரத்தை அளந்து பாருங்கள்.

வால்வு வரை மின்சாரம் வருகிறதா என்பதைக் காதே சொல்லிவிடும். தண்ணீர் எடுக்க வேண்டிய நேரத்தில் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டால் மெலிதான ‘ம்ம்ம்’ ரீங்காரம் கேட்கும். மாறுமின்சாரம் சுருளை அதிரவைக்கும் சத்தம் அது. ரீங்காரம் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்றால் குறை தண்ணீர்ப் பக்கம். ரீங்காரமே இல்லையென்றால் மின்சாரப் பக்கம்: முன்கதவு மாடலில் பூட்டு சரியாக விழாமல் இருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம், சுருள் எரிந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரால் சுருளின் இரு முனைகளையும் அளந்தால், நல்ல சுருள் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ ஓம் காட்டும். எரிந்தது ஒன்றும் காட்டாது. ஈரமும் 230 வோல்ட்டும் ஒன்றாக இருக்கும் இடம் அது. பிளக்கைப் பிடுங்காமல் பின்மூடியைக் கழற்றவே கூடாது. பல இயந்திரங்களில் இரண்டு மூன்று சுருள்கள் ஒரே வால்வில் சேர்ந்திருக்கும். துவைக்கும்போது தண்ணீர் வருகிறது, கடைசி அலசலில் மட்டும் வரவில்லை என்றால், ஒரு சுருள் மட்டும் போயிருக்கிறது. மேல்கதவு மாடலில் தொடங்கியவுடன் தண்ணீர் வரவில்லையே என்று பதற வேண்டாம். துணியின் எடையைக் கணிக்க முதலில் சற்று நேரம் வெறுமனே சுற்றிப் பார்க்கும்.

தண்ணீர் நன்றாக வருகிறது, வால்வும் நல்லது, ஆனாலும் ‘தண்ணீர் வரவில்லை’ என்று கத்தும் ஒரு வகை உண்டு. மெக்கானிக்கே ஏமாந்து வால்வை மாற்றிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். கழிவுநீர் ஹோஸைப் பாருங்கள். பம்ப் வைத்துத் தண்ணீரை வெளியேற்றும் இயந்திரங்களில் அந்த ஹோஸின் முனை தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர்வரை மேலே நிற்க வேண்டும். குளியலறைத் தரையில் அப்படியே போட்டுவிட்டால், பம்ப் ஓடாதபோதும் அதன் வழியே தண்ணீர் தாராளமாக நழுவிப் போகும். ஒருபக்கம் நிரம்ப, மறுபக்கம் வடிய, மட்டம் ஏறவே ஏறாது. இயந்திரத்தின் கணக்கில் இது தண்ணீர் வராததற்குச் சமம். தண்ணீர் எடுக்கும் நேரத்தில் ஹோஸ் முனையை உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். மட்டம் ஏறத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. ஆணி அடித்து ஒரு கொக்கியில் மாட்டினால் போதும். பம்ப் இல்லாமல் அடியில் வால்வைத் திறந்து வடியவிடும் மேல்கதவு மாடல்களும் இருக்கின்றன. அவற்றுக்கு ஹோஸ் தரையில் கிடப்பதே முறை. அங்கே மட்டம் ஏறாவிட்டால் அந்த அடிவால்வில் சட்டைப் பொத்தானோ நாணயமோ சிக்கியிருக்கும்.

எதிர்த்திசைக் கோளாறு இன்னும் அவசரமானது: தண்ணீர் நிற்காமல் ஏறிக்கொண்டே போவது. இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் தண்ணீர் வருகிறதா? வருகிறதென்றால் வால்வு மூடவில்லை, குழாயை மூடுங்கள். பிடுங்கியதும் நின்றுவிட்டதென்றால் வால்வு நல்லது, மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது இயந்திரத்தின் தவறு. ஏன் கொடுத்தது? மட்டம் இன்னும் ஏறவில்லை என்று உணரி சொன்னதால். இப்போது அந்த ரப்பர்க் குழாய்க்குத் திரும்பி வருகிறோம். அதில் ஊசித்துளை விழுந்தாலோ, நுனி தளர்ந்தாலோ, நெருக்கப்பட்ட காற்று கசிந்துவிடும். தொட்டி நிறைந்திருக்க, உணரி காலி என்று சொல்லும். சிறு கசிவு என்றால் நிரம்பி நின்று, துவைக்கும் நடுவில் அடிக்கடி மறுபடி தண்ணீர் எடுக்கும். நேர்மாறாக, காற்றறையின் வாயில் சோப்புப் பிசுக்கும் நூலும் அடைத்து, பழைய அழுத்தம் உள்ளேயே சிக்கிக்கொண்டால், காலித் தொட்டியை நிறைந்தது என்று நினைத்துத் தண்ணீரே எடுக்காது.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை வடித்து, மேல்மூடியைக் கழற்றினால் இந்தக் குழாய் கைக்கு எட்டும். சுவிட்ச் பக்கம் இருந்து உருவி, தொட்டியின் பக்கமாக மெல்ல ஊதுங்கள். அடைப்பு இருந்தால் கன்னம் உப்பும், காற்று போகாது. சுவிட்சின் முனையில் ஒரு துண்டுக் குழாயை மாட்டி மிக மெதுவாக ஊதினால், பழைய வகையில் ‘டக்’ கேட்கும். வாயை எடுத்ததும் இன்னொரு ‘டக்’. பலமாக ஊதினால் உள்ளே இருக்கும் தகடு பழுதாகும். நுனி தளர்ந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புது ரப்பர் பிடிக்கும்படி மறுபடி செருகிவிடலாம். பிறகு துணி போடாமல் தண்ணீர் எடுக்கவைத்து, நின்றதும் இயந்திரத்தை இடைநிறுத்தி, கால் மணி நேரம் விட்டு மறுபடி தொடங்குங்கள். அது மேலும் தண்ணீர் கேட்காமல் சுற்றத் தொடங்கினால், குழாய்க்குள் காற்று கசியாமல் நிற்கிறது.